மன்னார் வெயிலும் மண்ணெண்ணெய்க்குக் குளிர்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. மஃரிபுக்குப் பிறகு எழுதத் தொடங்கி இரண்டு இரவு போய்விட்டது. ஆறுதலாக வாசியுங்கள்.

கனடாவில் வினிபெக் நகரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன தை மாதம் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். தரையெல்லாம் பனி. நான்கு பேர் ஏறக்கூடிய ஒரு சின்ன விமானம் வெளியில் நிற்கிறது. அதன் மூக்கில் தடித்த போர்வை ஒன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் போர்வைக்குள் போகிறது, அதற்குள்ளால் சூடான காற்று. "சேர், பிளேனுக்கும் குளிருதாம். ஒரு மணித்தியாலமா ஒத்தடம் குடுக்கிறாங்கள்" என்று பின்னாலிருந்து அவன் குரல்.

அதை வகுப்பில் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எங்கட ஊரில இப்படி ஒண்டும் தேவைப்பட்டிராதுதானே?" ஓம் என்றுதான் சொன்னேன். மார்கழிப் பனியிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிதான ஊர் இது. இங்கே எந்த இயந்திரத்துக்கு யார் போர்வை போர்த்தப் போகிறார்கள்?

அன்று பின்னேரம் வீடு திரும்பும் வழியில், திருக்கேதீஸ்வரச் சந்திக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் திருத்தும் ஓர் அண்ணையிடம் பிரேக் பார்க்க நின்றேன். அவருக்கும் அந்த வீடியோவைக் காட்டினேன். ஒயில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தவர், "இதைத்தானே சேர் நாங்கள் 12 வருசம் செய்தனாங்கள்" என்றார்.

என் பதில் பிழை என்று எனக்கு விளங்க ஒரு வாரம் பிடித்தது. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய சரியான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த விமானத்தைப் பார்ப்போம். கடும் குளிரில் நிற்கும் இயந்திரத்துக்கு மூன்று வருத்தங்கள். ஒன்று, ஒயில் தேன்போல இறுகிவிடும். இயந்திரம் சுழலத் தொடங்கும் முதல் நிமிடங்களில் அது போய்ச் சேர வேண்டிய இடங்களுக்குப் போய்ச் சேராது. இரண்டு, விமான இயந்திரத்தின் வெளிக்கூடு அலுமினியம், உள்ளே சுழலும் தண்டு உருக்கு. குளிரில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயாரிங்குக்கும் இடையில் இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளி இன்னும் குறைந்துபோகும். அந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரே காலையில் பல நூறு மணித்தியாலத் தேய்மானம் வரலாம் என்பார்கள். மூன்றாவது, பெற்றோல் ஆவியாக மறுக்கும். எரிவது திரவம் அல்ல, அதன் ஆவிதான். ஆவி இல்லாவிட்டால் பிளக் எவ்வளவு பொறி தட்டினாலும் பலன் இல்லை. அதனால்தான் இந்தச் சின்ன விமான இயந்திரங்களைச் செய்யும் கொன்டினென்டல் கம்பனி, பூச்சியத்துக்குக் கீழே 7 பாகைக்கு இறங்கினாலே முதலில் சூடாக்கு என்கிறது. லைகோமிங் கம்பனி, தன் பெரும்பாலான மாதிரிகளுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 12 பாகை என்று வைத்திருக்கிறது.

இன்று மின்சாரத்தில் சூடாகும் தகடு இருக்கிறது, சூடான காற்று ஊதும் பெட்டி இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்திய கதை வேறு. 1924 பெப்ரவரி 21ஆம் திகதி கார்ல் பென் ஐல்சன் என்ற விமானி அலாஸ்காவில் ஃபெயார்பாங்ஸிலிருந்து மக்ராத் என்ற ஊருக்கு விமானத்தில் தபால் கொண்டுபோனார். நாய் வண்டிக்கு வாரக்கணக்கு எடுத்த பாதை அது. அதற்குப் பின்னான ஆண்டுகளில் அலாஸ்காவிலும் வட கனடாவிலும் பறந்த விமானிகளின் அன்றாட வேலை எப்படியென்றால்: இரவு இறங்கியதும் இயந்திரம் சூடாக இருக்கும்போதே ஒயிலை முழுக்க ஒரு தகரத்தில் வடித்தெடுப்பார்கள். அந்தத் தகரம் குடிசைக்குள் போய் அடுப்புப் பக்கத்தில் தூங்கும். விடியப்புறம் விமானத்தின் மூக்குக்கு மேல் கன்வஸ் துணியால் கூடாரம் அடித்து, அதற்குள்ளே ஊதி எரியும் அடுப்பு ஒன்றைக் கொளுத்தி வைத்து, ஒரு ஆள் தீயணைக்கும் கருவியோடு காவல் நிற்பார். மேலே பெற்றோல் தாங்கி, கீழே நெருப்பு. அந்தக் கூடாரங்களுக்குள் எரிந்துபோன விமானங்கள் உண்டு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படிச் சூடாக்கிவிட்டு, உள்ளே கொதிக்க வைத்த ஒயிலை ஓடிவந்து ஊற்றி, உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஸ்டார்ட் ஆகாவிட்டால்? ஒயிலைத் திரும்ப வடிக்க வேண்டும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வீம்புக்குச் செய்த வேலை அல்ல அது. 1929 ஜனவரியில் வொப் மே, விக் ஹோனர் என்ற இரண்டு விமானிகள் எட்மன்டன் நகரிலிருந்து, மேல்மூடி இல்லாத ஒரு சின்ன அவ்ரோ விமானத்தில், டிப்தீரியா பரவிய ஒரு வடக்குக் குடியிருப்புக்கு மருந்து கொண்டுபோனார்கள். இயந்திரம் காலையில் எழும்பாவிட்டால் மருந்து போகாது. மருந்து போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சரி, இதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

பெற்றோல்மக்ஸ் ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். என் வாப்பா சிவராத்திரிக் காலத்தில் திருக்கேதீஸ்வரத்தில் ஒரு சின்னக் கடை போடுவார். இனிப்பு, வளையல், விளையாட்டுச் சாமான். பாலாவியில் மக்கள் தீர்த்தமாடிவிட்டு வரும் வழியில் கடை. ராத்திரி முழுக்க ஜனம் இருக்கும். பெற்றோல்மக்ஸ் கொளுத்துவது அவருடைய வேலை. எங்களைத் தொட விடமாட்டார். முதலில் அந்தச் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி நெருப்பு வைப்பார். நீல நெருப்பு எரியும். பொறுமையாக இருப்பார். நாங்கள் "பம்ப் பண்ணுங்க வாப்பா" என்று அவசரப்படுத்துவோம். "குழாய் சூடாகட்டும். இப்ப அடிச்சா மண்ணெண்ணெய் பச்சையா வரும், புகைதான் மிஞ்சும்" என்பார். அவசரப்பட்டு அடித்த பக்கத்துக் கடைக்காரரின் விளக்கு சிவப்பாக எரிந்து மென்டிலையே கரியாக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த விளக்கு பெர்லினில் மக்ஸ் கிரெட்ஸ் என்பவரின் தொழிற்சாலையில் 1910 அளவில் பிறந்தது. அதற்கு முன்னோடி, சுவீடனில் லின்ட்க்விஸ்ட் 1892இல் செய்த பிரைமஸ் அடுப்பு. அலாஸ்காவில் கன்வஸ் கூடாரத்துக்குள் விமானத்துக்குக் கீழே எரிந்ததும் இந்த இனத்து அடுப்புத்தான். சூடாக்கினால்தான் ஆவி, ஆவி வந்தால்தான் நெருப்பு. வாப்பாவுக்கு இது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அல்ல, ஆனால் பிழையில்லாமல் தெரிந்திருந்தது.

இனி அந்த அண்ணை சொன்ன 12 வருசம்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. வடக்கில் அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த இடங்களுக்குப் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று ஒரு நீண்ட பட்டியலே தடை செய்யப்பட்டது. மன்னாரில் தீவும் தள்ளாடிப் பக்கமும் இராணுவத்திடம், அடம்பனுக்கும் மடுவுக்கும் அப்பால் மறுபக்கம், நடுவில் உயிலங்குளம் சோதனைச் சாவடி என்று வருடக்கணக்கில் கிடந்தது. திருக்கேதீஸ்வரத்திலிருந்தும் சனம் எழும்பிப் போயிருந்தது. அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சமாவது போனது மண்ணெண்ணெய். விளக்குக்கும் அடுப்புக்கும் என்று கொடுத்தது. அதையும் பங்கு போட்டார்கள். அதில்தான் மோட்டார் சைக்கிளும் ஓடியது, மொறிஸ் மைனரும் ஓடியது, தண்ணி பம்பும் ஓடியது.

இங்கேதான் விஞ்ஞான ஆசிரியர் கொஞ்சம் குறுக்கே வரவேண்டும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் நெருப்புப் பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய் அப்படியல்ல. பூச்சியத்துக்கு மேலே 38 பாகையாவது வேண்டும். எங்கள் ஊர் நிழலில் 30, 32 பாகை. அதாவது மண்ணெண்ணெயின் கணக்கில் மன்னார் ஒரு குளிர்ப்பிரதேசம். சித்திரை வெயிலில் வியர்த்து ஊற்றிக்கொண்டு சைக்கிள் உதைத்த அந்த அண்ணைக்கும், பனியில் கை விறைத்து நின்ற அலாஸ்கா விமானிக்கும் இருந்தது ஒரே பிரச்சினை. அவனிடம் நல்ல எரிபொருள் இருந்தது, சூடு இல்லை. இவரிடம் சூடு இருந்தது, அந்தச் சூடு போதுமான எரிபொருள் இல்லை.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஒரு சின்னப் போத்தல், சேலைன் ஏற்றும் குழாய், அவ்வளவுதான் என்றார். போத்தலில் உயிரைப்போலக் காத்த கொஞ்சம் பெற்றோல். காபரேற்றருக்குள் சில சொட்டு விட்டு உதைத்தால் அந்தச் சொட்டில் இயந்திரம் எழும்பும். அது எரிந்து முடிவதற்குள் இயந்திரம் சூடு பிடித்துவிட வேண்டும். பிடித்தால் மண்ணெண்ணெயை அதுவே ஆவியாக்கிக் கொள்ளும். வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு கிளம்பும். பிடிக்காவிட்டால் இன்னும் சில சொட்டு. ஹொண்டா சி 50, சி 90 போன்ற பழைய சைக்கிள்கள் ஒத்துழைத்தன. கார்களில் மொறிஸும் ஒஸ்டினும் நல்ல பிள்ளைகள். காரணம், அந்தப் பழைய இயந்திரங்களில் சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவு. புதிய இயந்திரங்களில் அமுக்கம் கூட, மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்து "டக் டக்" என்று அடிக்கும். சிலர் சிலிண்டர் தலைக்குக் கீழே இரண்டாவது கஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார்களாம்.

சூடான இயந்திரத்தை நிறுத்துவது பெரிய முடிவு. கடைக்குப் போனால் ஓடவிட்டுவிட்டே இறங்குவார்கள். ஒரு கதவடியில் நின்று அரை மணித்தியாலம் கதைத்தால் அது பெற்றோல் சொட்டுக் கணக்கில் செலவு. "சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி குடிக்க மாட்டம் சேர், சைக்கிள் ஆறிப்போம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இரவில் பிரசவ வலியோடு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு மடுப் பக்கம் போனதையும் சொன்னார். போகிற வழியில் ஒரு இடத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. போத்தலில் மிஞ்சியது எத்தனை சொட்டு என்று இருட்டில் பார்க்க முடியவில்லை, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தேன் என்றார். எழும்பியதா என்று கேட்டேன். "அந்தப் பிள்ளை இப்ப உங்கட பள்ளிக்கூடத்திலதான் படிப்பிக்குது" என்றார்.

இந்த வித்தையை எங்கள் ஆட்கள் வானத்திலிருந்து பறித்து வரவில்லை. தோட்டத்துத் தண்ணி பம்பைப் பாருங்கள். பெரிய தாங்கி மண்ணெண்ணெய்க்கு, சின்னத் தாங்கி பெற்றோலுக்கு, நடுவில் ஒரு திருகு. பெற்றோலில் எழுப்பு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்று. இங்கிலாந்தில் 1949இலிருந்து விற்ற ஃபெர்கியூசன் உழவு இயந்திரத்தில் ஒரு மாதிரி இப்படித்தான் இரண்டு எரிபொருளில் ஓடியது. உலக யுத்தம் முடிந்து பெற்றோல் பங்கீட்டில் இருந்த காலம், அந்த நாட்டு விவசாயிக்கும் மண்ணெண்ணெய் இனத்து மலிவான எண்ணெய்தான் கைகொடுத்தது. புகைக்குழாயின் சூட்டிலேயே எரிபொருள் போகும் பாதையைச் சூடாக்கி வைத்திருந்தார்கள்.

அண்ணை சொன்ன இன்னொரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. "ஓட ஓட ஒயில் குறைய வேணும் சேர். எங்கட சைக்கிளில ஒயில் கூடும்." எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரத்தால் வழிந்து கீழே ஒயிலோடு கலந்துவிடும். அளவு கோலைப் போட்டுப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய். அந்த ஒயில் தண்ணிபோல நீர்த்து பெயாரிங்கைத் தின்னும். மாற்றப் புது ஒயிலும் தடைப் பட்டியலில்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டாம் உலக யுத்தத்தில் குளிர் நாடுகளின் விமானப்படைகள் இதையே வேண்டுமென்று செய்தன. இரவு இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன், ஒரு வால்வைத் திறந்து ஒயிலுக்குள் கொஞ்சம் பெற்றோலைக் கலந்துவிடுவார்கள். காலையில் ஒயில் இறுகாமல் இளகி இருக்கும், இயந்திரம் லேசாகச் சுழலும். ஒயிலை வடித்து அடுப்பில் வைக்கும் வேலை மிச்சம். இயந்திரம் சூடேறியதும் கலந்த பெற்றோல் ஆவியாகிப் பறந்துவிடும், ஒயில் பழையபடி தடிக்கும். அவர்களுக்கு அது மருந்து. எங்களுக்கு மட்டும் ஏன் நஞ்சு? மண்ணெண்ணெய் அந்தச் சூட்டில் சுலபமாக ஆவியாகிப் போகாது, ஒயிலுக்குள்ளேயே குடியிருந்துவிடும். பத்தாம் ஆண்டுப் பரீட்சைக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

இவ்வளவு நேரமும் மற்றவர் கதையையே எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம், இதெல்லாம் நடந்தபோது நாங்கள் இங்கே இல்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் எங்களைப் போகச் சொன்னார்கள். வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து நாங்கள் கல்பிட்டிக்கு வள்ளத்தில் போனோம். எனக்கு அப்போது 11 வயது.

அந்த வள்ளத்தின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. கரையில் ஓட்டி பெற்றோல் ஊற்றி இழுத்து எழுப்பியது ஞாபகம் இருக்கிறது. இருந்த பெற்றோல் அவ்வளவுதான். மழை வேறு. நடுக்கடலில் இயந்திரம் ஒருமுறை நின்றது. பெண்கள் ஓத ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டி யாரோடும் பேசவில்லை, கயிற்றைச் சுற்றுகிறார், இழுக்கிறார், சுற்றுகிறார், இழுக்கிறார். "ஆறமுந்தி எழும்பணும், ஆறமுந்தி எழும்பணும்" என்று மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். உம்மா தன் போர்வையைக் கழற்றி, நனையாத பக்கமாகப் பார்த்து, இயந்திரத்தின் மேல் மழை படாமல் பிடித்துக்கொண்டு நின்றா. எழும்பியது. என்ன ஆறிவிடும் என்று அவர் பயந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. கடல் ஆறுமா, மழை ஆறுமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வினிபெக் வீடியோவில் அந்தப் போர்வையைக் கண்டபோதுகூட எனக்கு இது நினைவுக்கு வரவில்லை. அண்ணை "சைக்கிள் ஆறிப்போம்" என்று சொன்ன பிறகுதான் வந்தது.

அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "புத்தளத்தில பெற்றோல் இருந்ததுதானே சேர்?" என்று கேட்டார். இருந்தது என்றேன். எங்கள் முகாம் வாசலால் பஸ்ஸும் லொறியும் நாள் முழுக்க ஓடின, நாங்கள் போக இடம் இருக்கவில்லை என்றேன். பிரேக்குக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

2002 தொடக்கத்தில் தடை தளர்ந்தது. சேலைன் குழாய்கள் குப்பைக்குப் போயின. அந்த வித்தை தெரிந்தவர்களுக்கு அது வெட்கம் பிடித்த ஒரு வறுமைக் காலத்தின் ஞாபகம், பெருமையாகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு 2022 வந்தது. ஜூன் கடைசியில் பொதுமக்களுக்குப் பெற்றோல் விற்பதையே நிறுத்தினார்கள். அந்த நாட்களில்தான், ஜூலை முதல் வாரத்தில், திருக்கேதீஸ்வரத்தில் கும்பாபிஷேகம். சந்தியில் இளம் பொடியன்கள் அண்ணையைச் சூழ்ந்துகொண்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவது எப்படி என்று கேட்டார்களாம். "தம்பியவை, உங்கட சைக்கிளில அமுக்கம் கூட, பெற்றோலைக் கொம்பியூட்டர் அளந்து விடுது, அதுக்கு மண்ணெண்ணெய் ஆகாது. ஆனாலும் மண்ணெண்ணெய் எங்க இருக்கு?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அதுவும் இருக்கவில்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, பேசாலையிலும் எங்கள் ஊரிலும் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் அந்த இயந்திரங்கள்தான் இன்றும் எங்கள் கடல் தொழிலின் முதுகெலும்பு. கரைக்கு வரும்போது கடைசி நிமிடம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிவிட்டு நிறுத்துவார்கள், அடுத்த நாள் விடியப்புறம் காபரேற்றருக்குள் பெற்றோல் இருக்க வேண்டும் என்பதற்காக. இறங்குதுறையில் போய்ச் சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள், மாற்றும் இடத்தில் ஒரு தடுமாற்றம் கேட்கும்.

அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு என் பழைய பதிலைத் திருத்திச் சொல்லப் போகிறேன். அண்ணையும் வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், வெட்கப்பட்டுக்கொண்டுதான்.

ஒரு உதவி. சேலைன் குழாய் பூட்டிய அந்தக் காலத்துப் பெற்றோல் போத்தல், இரட்டைக் கஸ்கற் போட்ட சிலிண்டர் தலை, எரிகிற நிலையில் ஒரு பெற்றோல்மக்ஸ் யாருடைய வீட்டிலாவது கிடந்தால் கொமென்டில் சொல்லுங்கள். தர வேண்டாம், ஒரு நாளைக்கு இரவல் போதும். கரி பிடித்திருந்தால் துடைக்காமல் தாருங்கள்.